இழுப்பு மருந்தும் ஓட்டக்காரரின் இரத்தமும்



நான் டாக்டர் அல்லன், கடைக்காரன். மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் என் படிப்பு நின்றுவிட்டது. ஆயினும் சென்ற வருஷம் என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கவும், டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளியவும் என்னைத் தூண்டியது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது நெடுந்தூர ஓட்டத்திலும் சைக்கிள் போட்டியிலும் நீச்சலிலும் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இழுப்பு நோயும் உண்டு. ஆகவே நான் கற்றதை உங்கள் முன் வைப்பது கடமை என்று எண்ணி எழுதுகிறேன்.

சம்பவம் இதுதான். என் மகனுக்குச் சிறு வயது முதல் ஆஸ்த்மா. டாக்டர் அவனுக்கு இரண்டு இழுப்பு மருந்துகள் கொடுத்திருந்தார். ஒன்று தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்து. மற்றொன்று மூச்சு முட்டும்போது மட்டும் இழுக்க வேண்டிய நீலக் குப்பி. பையன் நன்றாக இருப்பதைக் கண்டு, "தினமும் மருந்து எதற்கு? பழகிப் போனால் விடாது" என்று சொல்லித் தடுப்பு மருந்தை நிறுத்தியவன் நான்தான். அவன் நீலக் குப்பியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஓட்டப் பயிற்சிக்குப் போய்வந்தான். ஒரு போட்டி நாளன்று, நோய் எதுவும் இல்லாத அவன் கூட்டாளிகள் சிலர், "இதை இழுத்தால் இரத்தத்தில் பிராணவாயு கூடும், வேகம் வரும்" என்று அந்தக் குப்பியை வாங்கி ஆளுக்குச் சில தடவை இழுத்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு நெஞ்சு படபடத்துக் கை நடுங்கியது. அவன் ஓடவே இல்லை. என் மகன் ஓடி முடித்தான். முடித்த சில நிமிஷத்தில் அவனுக்கு இழுப்பு கண்டது. குப்பியை எடுத்து அழுத்தினால் உள்ளே மருந்து இல்லை!

அல்ஹம்துலில்லாஹ், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால் தீங்கு நேரவில்லை. ஆனால் அன்றிரவு என் மனதில் இரண்டு கேள்விகள் எழுந்தன. அந்த மருந்து சுகதேகியின் இரத்தத்தில் உண்மையிலேயே பிராணவாயுவைக் கூட்டுமா? நோயாளி அதை இழுத்துவிட்டுப் போட்டியில் ஓடுவது நியாயமா, மோசடியா? இவ்விரண்டுக்கும் விடை காண்பதே இப்பாடம்.

1. மூச்சும் இரத்தமும்: ஒரு தொங்கான் கணக்கு

1983-ம் ஆண்டில் அரசாங்கம் அப்புறப்படுத்தும் வரையில் சிங்கப்பூர் ஆற்றை நிறைத்துக் கிடந்த தொங்கான்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிட்டங்கியிலிருந்து சரக்கை ஏற்றித் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டு சேர்ப்பதும், கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டு வருவதும் அவற்றின் வேலை. நம் தேகத்துக்குள்ளும் அதே வியாபாரம் நடக்கிறது. நுரையீரல்தான் கிட்டங்கி. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்கள் அக்கிட்டங்கிக்கு வரும் பாதை. பிராணவாயு சரக்கு. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் தொங்கான்கள். உழைக்கும் தசைகள் சரக்கை எதிர்பார்த்து நிற்கும் கப்பல்கள்.

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்னும் பொருள் இருக்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் பிராணவாயு அமர நான்கு இடங்கள் உண்டு. ஆரோக்கியமான ஆண்மகனின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 15 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். ஒரு கிராம் சுமார் 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். பெருக்கிப் பார்த்தால், 100 மில்லிலிட்டர் இரத்தம் நிறையச் சுமந்தால் சுமார் 20 மில்லிலிட்டர் வருகிறது.

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். சுகமாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் இரத்தத்தில் இந்த இடங்களில் நூற்றுக்கு 95 முதல் 100 வரை ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. 97 என்று வைத்துக்கொள்வோம். எந்த மருந்தை இழுத்தாலும் இன்னும் நிரப்பக் கூடியது நூற்றுக்கு மூன்றே. நிரம்பிய தொங்கானில் மேற்கொண்டு மூட்டை ஏற்ற இடமேது?

2. இழுப்பு மருந்து என்ன செய்கிறது?

ஆஸ்த்மா நோயில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. அதாவது கிட்டங்கிக்கு வரும் பாதை குறுகிவிடுகிறது. நீலக் குப்பியிலுள்ள சல்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்திப் பாதையைச் சில நிமிஷத்தில் விரிக்கிறது. அதன் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். ஆனால் வீக்கத்தை அது குறைப்பதில்லை. வீக்கத்தைக் குறைப்பது தடுப்பு மருந்திலுள்ள ஸ்டீராய்டு. பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது ஒரு வேலை. மரம் விழாமல் காப்பது வேறு வேலை. நான் நிறுத்தச் சொன்னது இந்த இரண்டாவது வேலையை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

முற்காலத்தில் கண்ணாடிக் குழலில் ரப்பர் பந்தைப் பிசைந்து மருந்தை இழுத்தார்கள். தலைமுடிக்கு வாசனைத் தைலம் தெளிக்கும் டப்பாவைப் போல் தன் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று அமெரிக்காவின் ரைக்கர் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மேசனிடம் அவருடைய மகளே கேட்டாளாம், அவளுக்கும் ஆஸ்த்மா. அழுத்தினால் அளவாக மருந்து வெளிவரும் குப்பி 1956-ல் அக்கம்பெனியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் டேவிட் ஜாக் என்பவரின் குழு 1960-களில் கண்டுபிடித்த சல்பியூட்டமால், 1969-ல் வென்டோலின் என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது.

3. சுகதேகிக்கு இதனால் லாபம் உண்டா?

உட்கார்ந்திருக்கும்போது இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை ஓட்டுகிறது. சிறந்த நெடுந்தூர வீரர் முழு வேகத்தில் ஓடும்போது அது 35 லிட்டரையும் தாண்டும். பயிற்சியால் இருதயம் பலம் பெறுகிறது. இரத்தத்தின் அளவும் பெருகுகிறது. ஆனால் நுரையீரல் அதே விகிதத்தில் வளர்வதில்லை. இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்கச் சுமார் முக்கால் விநாடி ஆகிறது. கடும் ஓட்டத்தில் அந்த நேரம் மிகவும் சுருங்கிவிடுகிறது. தொங்கான்கள் கிட்டங்கித் துறையில் நிற்க நேரமின்றிப் பாதிச் சுமையோடு கிளம்புவது போலாகிறது. மற்றும் சில காரணங்களும் சேர, சில வீரர்களின் இரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு 93-க்கும் கீழே, சிலருக்கு 88-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜெரோம் டெம்ப்சியும் அவர் கூட்டத்தாரும் 1984-ல் இதை விரிவாக எடுத்துக் காட்டினார்கள்.

"அப்படியானால் இழுப்பு மருந்து இங்கே உதவுமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இங்கே முடை எங்கே என்று பார்க்க வேண்டும். சுகதேகியின் பாதை ஏற்கெனவே விரிந்தே இருக்கிறது. உடலுழைப்பே அதை இன்னும் சற்று விரிக்கிறது. முடை துறையில் இருக்கும்போது பாதையை அகலப்படுத்தி என்ன பயன்? 2011-ல் பல ஆராய்ச்சிகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்த நிபுணர்கள், ஆஸ்த்மா இல்லாத வீரர்களுக்கு இம்மருந்தை இழுப்பதால் நெடுந்தூரத் திறன் கூடவில்லை என்றே கண்டார்கள். மாத்திரையாகவோ மிகப் பெரிய அளவிலோ உட்கொண்டால் தசைகளில் வேறு சில விளைவுகள் உண்டாகலாம். அதனால்தான் அளவுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். லாபம் இல்லை என்றாலும் நஷ்டம் உண்டு: நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், இரத்தத்தில் பொட்டாசியம் குறைதல் ஆகியவை.

இன்னொரு வியப்பும் கேளுங்கள். ஆஸ்த்மா கடுமையாக இருக்கும்போது இம்மருந்தை இழுத்தவுடன் சிலருக்குப் பிராணவாயு அளவு சிறிது நேரம் சற்றே குறைவதும் உண்டு! காற்று சரியாக வராத நுரையீரல் பகுதிக்கு இரத்தத்தை அதிகம் அனுப்பாமல் தேகம் தானாகவே திருப்பிவிடுகிறது. மருந்து இரத்தக் குழாய்களையும் தளர்த்துவதால், சரக்கு இல்லாத துறைக்கும் தொங்கான்கள் போய் வெறுமையாகத் திரும்புகின்றன. பாதை திறந்ததும் இது சரியாகிவிடும். ஆகவே இதற்கு அஞ்சி மருந்தைத் தவிர்க்கக் கூடாது. வைத்தியசாலையில் கடும் இழுப்புக்கு மருந்தோடு பிராணவாயுவும் சேர்த்துக் கொடுப்பதில் இதுவும் ஒரு நியாயம் என்று அறிந்தால் போதும். "இழுத்தால் பிராணவாயு கூடும்" என்பது எவ்வளவு மேலோட்டமான பேச்சு என்பதும் இதனால் விளங்கும்.

இரத்தத்தில் பிராணவாயுச் சுமையை உண்மையில் கூட்ட விரும்பிய மோசடிக்காரர்கள் பாதையைத் தொடவில்லை. தொங்கான்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். எரித்ரோபொயட்டின் என்னும் ஊசி மருந்தால் சிவப்பணுக்களைப் பெருக்குவது அவர்கள் வழி. அதனால் இரத்தம் தடித்து உறையும் அபாயம் உண்டு. அம்மருந்தை 1990-ல் ஒலிம்பிக் சங்கம் தடை செய்தது. அதே சுரப்பைத் தேகத்துக்குள்ளேயே தூண்டும் நோக்கத்துடன் செனான் என்னும் வாயுவைச் சிலர் சுவாசித்தார்கள். அதையும் 2014-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் தடை செய்தது.

4. சட்டமும் வழக்குகளும்

நம்மிடம் படிக்கல் இருப்பது போல் விளையாட்டிலும் அளவுகோல் இருக்கிறது. அந்நிறுவனத்தின் விதிப்படி, சல்பியூட்டமாலை இழுப்பாக 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரையில் உபயோகிக்கலாம். ஆனால் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகக் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் குப்பியில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் வருகிறது. அதாவது 8 மணி நேரத்தில் ஆறு அழுத்தம். சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராமுக்கு மேல் கண்டால், அது மருத்துவ உபயோகம் அன்று என்று சந்தேகித்து விளக்கம் கேட்பார்கள். அளவோடு இழுக்கும் ஸ்டீராய்டுத் தடுப்பு மருந்துக்குத் தடையில்லை.

இந்த அளவுகோல் எளிதாக வந்ததன்று. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ரிக் டிமாண்ட் என்னும் 16 வயதுப் பையன் 400 மீட்டர் நீச்சலில் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முதலாவதாக வந்தான். அவனுடைய ஆஸ்த்மா மாத்திரையில் எபெட்ரின் இருந்ததால் தங்கப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவன் அம்மருந்தைப் பாரத்தில் ஒளிக்காமல் எழுதித்தான் கொடுத்திருந்தான். மேலே இருந்தவர்கள் கவனிக்கவில்லை. மறு வருஷமே பெல்கிரேடில் அதே தூரத்தை நான்கு நிமிஷத்துக்குள் நீந்திய முதல் மனிதனானான். அவன் மருந்தை முறைப்படி அறிவித்திருந்தான் என்பதை அமெரிக்க ஒலிம்பிக் சங்கம் 2001-ல் ஒப்புக்கொண்டது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

நார்வேயின் பனிச்சறுக்கு வீரர் மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பி, மருந்தை ஆவி போல் செலுத்தும் நெபுலைசர் கருவியால் விதித்த அளவுக்கு மேல் எடுத்தார் என்று 2016-ல் இரண்டு மாதத் தடையும், வென்ற உலகக் கோப்பைப் பட்ட இழப்பும் பெற்றார். அவர் பிழை சிறிதென்றே நடுவர் மன்றம் கருதியது. ஆயினும் அளவு அளவுதான். சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூமின் சிறுநீரில் 2017 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டுப் போட்டியின்போது 2000 நானோகிராம் காணப்பட்டது. உலகெங்கும் ஏசினார்கள். தேகத்தில் நீர் வற்றினால் சிறுநீரில் மருந்து செறிந்து காட்டும் என்பது போன்ற விஷயங்களையெல்லாம் ஆராய்ந்தபின், அவர் விதியை மீறவில்லை என்று 2018 ஜூலையில் வழக்கு முடிக்கப்பட்டது.

இவற்றிலிருந்து வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கவே நம் வேதத்தில் ஒரு ஸூரா இருக்கிறது. தராசுத் தட்டின் கீழ் விரலை வைத்தும் எடை கூடாமல் போனால் அது மோசடி இல்லையென்று சொல்வோமா? சுகதேகி பிறர் மருந்தை இழுத்து வேகம் பெற நினைப்பது அத்தகையதே; லாபம் கிட்டாவிட்டாலும் எண்ணம் கோணல்தான். ஆனால் நோயாளி தன் மருந்தை அளவோடு எடுத்து ஓடுவது, கோணிய தராசைச் செப்பனிட்டுச் சமமாக்குவது போன்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. நோயுள்ள ஓட்டக்காரர் கவனிக்க வேண்டியவை

ஆஸ்த்மா உள்ளவர் ஓடக் கூடாது என்பது பழைய எண்ணம். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அமெரிக்க வீரர்கள் 597 பேரில் 67 பேருக்கு, உழைப்பால் மூச்சுக்குழாய் இறுகும் கோளாறு இருந்தது. அந்த 67 பேர் 41 பதக்கங்கள் பெற்றார்கள். சாதாரணமாக நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கும் நாம், கடும் ஓட்டத்தில் 100 லிட்டருக்கும் மேல் வாய்வழியே இழுக்கிறோம். அதனால் குழாய்களின் உட்சுவர் உலர்ந்து இறுகுகிறது. குளிர்ந்த உலர் காற்றும், நீச்சல் குளத்துக் குளோரினும், நம் பகுதியில் 2013-லும் 2015-லும் வந்தது போன்ற புகைமூட்டமும் அதை அதிகப்படுத்தும். ஓட்டம் முடிந்து ஐந்து பத்து நிமிஷத்தில்தான் இறுக்கம் உச்சத்துக்கு வருவது வழக்கம். என் மகனுக்கு நேர்ந்ததும் அதுவே.

ஆகையால், ஓடுமுன் மெதுவாக உடம்பைச் சூடேற்ற வேண்டும். டாக்டர் சொல்லியிருந்தால் ஓட்டத்துக்குச் சுமார் கால் மணி நேரம் முன் மருந்தை இழுக்கலாம். ஆனால் நீலக் குப்பி அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் நோய் அடங்கவில்லை என்பது பொருள். 2019 முதல் ஆஸ்த்மாவுக்கான உலக வழிகாட்டு அமைப்பு, பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் நீலக் குப்பியை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது, ஸ்டீராய்டு சேர்ந்த தடுப்பு இழுப்பும் வேண்டும் என்று கூறிவருகிறது. நீலக் குப்பியை மாத்திரம் நம்பி அதிகம் இழுத்தவர்களிடையே கடும் இழுப்பும் மரணமும் அதிகம் காணப்பட்டதே காரணம். "பழக்கமாகிவிடும்" என்ற என் பயம், உள்ளதற்கு நேர் எதிராக இருந்தது. தடுப்பு மருந்து இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். குப்பியில் மிச்சம் எவ்வளவு என்று கடைச் சரக்கைப் பார்ப்பது போல் பார்த்து வைக்க வேண்டும். யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது.

6. விரலில் மாட்டும் கருவி

2020-ல் கொரோனா வந்தபின் நம் வீடுகள் பலவற்றில் விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் கருவி இருக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோகி 1970-களின் தொடக்கத்தில் கண்ட முறை அது. இரு விதமான ஒளியை விரலுக்குள் செலுத்தி, இரத்தத்தின் நிறத்தைக் கொண்டு கணக்கிடுகிறது.

அன்று வைத்தியசாலையில் என் மகனின் விரலில் 96 என்று காட்டியது. "நல்ல எண்தானே, வீட்டுக்குப் போகலாமே" என்றேன். டாக்டர் தலையசைத்தார். "அத்தா, பையன் ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்கிறானா பாருங்கள். அவன் கடுமையாகப் போராடி அந்த எண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கிறான். களைத்துப் போனால்தான் எண் விழும். அப்போது நேரம் கடந்திருக்கும்" என்றார். இந்த ஒரு விஷயத்தை மறவாதீர்கள். எண் குறைந்தால் அபாயம் என்பது உண்மை. எண் குறையாவிட்டால் அபாயமில்லை என்பது உண்மையன்று. குளிர்ந்த விரலும் நகச் சாயமும் அசைவும் கருவியை ஏமாற்றும். கருத்த தோலுள்ளவர்களுக்கு இக்கருவி உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. நம்மவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பேச முடியாத திணறல், நீலம் பாய்ந்த உதடு, மருந்துக்கும் அடங்காத இழுப்பு இவற்றைக் கண்டால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

7. நோன்பு காலத்தில்

நோன்போடு இழுப்பு மருந்தை உபயோகித்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே இரு கருத்து உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுள்ளவன் அல்லன். உங்கள் ஆலிமிடம் ரமலானுக்கு முன்பே கேட்டுத் தெளியுங்கள். தினசரித் தடுப்பு மருந்தைப் பெரும்பாலும் சஹர் நேரத்திலும் நோன்பு திறந்த பின்னும் எடுக்கும்படி டாக்டர் மாற்றித் தருவார். ஆனால் பகலில் மூச்சு முட்டும்போது நோன்பை எண்ணி மருந்தைத் தள்ளிப் போடுவது கூடாது. நோயாளிக்கு வேறு நாளில் நோற்றுக்கொள்ள நம் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உயிரும் தேகமும் நம்மிடம் கொடுக்கப்பட்ட அமானிதமல்லவா?

முடிவுரை

நிரம்பிய தொங்கானில் மூட்டை ஏற்ற முடியாது. அடைத்த பாதையைத் திறக்காமல் கப்பலுக்குச் சரக்கும் சேராது. சுகதேகிக்கு இழுப்பு மருந்து வீண். நோயாளிக்கு அது அவசியம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததாக ஹதீஸில் வருகிறது. ஓடுவது நல்ல காரியமே. நேர்மையாகவும் பத்திரமாகவும் ஓட வேண்டும்.

என் மகன் இப்போது தினமும் காலையும் மாலையும் தடுப்பு மருந்து இழுக்கிறான். நானே பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நீலக் குப்பியைத் தொட்டுப் பல வாரங்கள் ஆகின்றன. ஆயினும் ஒவ்வொரு ஞாயிறும் அதை எடுத்துக் குலுக்கி, தேதி பார்த்து, அவன் ஓட்டப் பையில் திரும்ப வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்தால், இதைப் படித்த கையோடு திறந்து பாருங்கள்.

வஸ்ஸலாம்.